திறமையின்மைச் சான்றிதழ்

ஒரு காரியத்தைத் தடை செய்வதா, அதிலிருந்து வரி வாங்குவதா என்று அரசாங்கத்துக்குக் குழப்பம் வந்தால், அது முதலில் ஒரு அலுவலகத்தைத் திறக்கும். அப்படித் திறந்ததுதான் மூன்று அறைகளும் ஒழுகும் கைகழுவும் தொட்டியும் கொண்ட அந்த மாடி. கீழ்த்தளத்தில் எடை அளவுத் துறை. கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும். மாடிக் கதவில் ஒரு பலகை: 'தினசரி ஃபேன்டசி விளையாட்டு ஒழுங்குமுறைப் பிரிவு (தற்காலிகம்)'. அடைப்புக்குறிக்குள் கிடந்த அந்தக் கடைசி வார்த்தையைக் கண்காணிப்பாளர் அம்மா தினமும் காலையில் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஃபேன்டசி விளையாட்டு என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. இன்றைக்கு மைதானத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது. ஆடப்போகும் இரண்டு அணிகளிலிருந்தும் பொறுக்கி, நாம் கைபேசியில் பதினோரு பேர் கொண்ட சொந்த அணி ஒன்றைச் சேர்க்கிறோம். நிஜ ஆட்டத்தில் அவர்கள் அடித்தால், பிடித்தால், எடுத்தால் நமக்குப் பாயிண்ட். நாம் கேப்டன் ஆக்கியவருக்கு இரண்டு மடங்கு. ஆடுகிறவர்கள் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பரிசாகக் கொடுக்கிறது. இதில் அரசாங்கத்துக்கு என்ன பங்கு என்பதுதான் கேள்வி.

புதுச் சட்டம் அதற்கும் வழி சொல்லியிருந்தது. இது திறமையால் ஜெயிக்கும் ஆட்டம் என்றால் கம்பெனிக்கு லைசென்ஸ் உண்டு: முதலில் ஒரு கொழுத்த கட்டணம், வருடா வருடம் புதுப்பிக்க இன்னொன்று, கம்பெனி எடுக்கும் பங்கில் நூற்றுக்குப் பதினைந்து வரி. அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பது என்றால் அது சூதாட்டம். இழுத்து மூட வேண்டியது. திறமையா அதிர்ஷ்டமா என்பதைப் 'பிரிவு தக்கவாறு சோதித்து முடிவு செய்யும்' என்று சட்டம் கையைக் கழுவிக்கொண்டது. ஆனால் நிதித்துறைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வரப்போகும் லைசென்ஸ் கட்டணத்தை அந்த வருட பட்ஜெட்டில் வரவாக எழுதி, எந்தெந்த ரோட்டுக்குத் தார் போடுவது என்பதுவரை பங்கு பிரித்தாகிவிட்டது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பது என்பார்கள். இங்கே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

கண்காணிப்பாளர் அம்மாவுக்குத் தார் ரோட்டைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை வேறு. ஆறு வருடம் அவளை ஐந்து மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் ஒரு ஊரில் போட்டிருந்தார்கள். அங்கே பெண்கள் விடுதியில் ஜன்னல் முழுதாகத் திறக்காத ஒரு அறை. மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது போனவள், அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் வீடு திரும்பினாள். அதுவும் யாரும் வரமாட்டேன் என்ற இந்தத் தற்காலிகப் பிரிவுக்குத் தானாகக் கைதூக்கியதால். பிரிவு நிரந்தரமானால் அவள் பதவியும் இங்கேயே நிரந்தரம். கலைந்தால், உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது, 'பழைய பணியிடத்துக்கே திரும்ப வேண்டும்'.

திரும்பி வந்த முதல் மாதம் சொந்த வீட்டிலேயே அவள் விருந்தாளி. பல் துலக்கும் பிரஷ் வைக்க இடம் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் கணவர், அத்தனை வருடம் தனியாகச் சமைத்துப் பழகியவர், "நீ உட்காரு, நான் பாத்துக்கறேன்" என்று மரியாதையாகத் தட்டை நீட்டினார். மகள், "நீங்க எப்பம்மா போறீங்க?" என்று கேட்டாள். கேட்டதில் ஒரு வம்பும் இல்லை. லீவுக்கு வந்தவர்களைக் கேட்பதுபோல் கேட்டாள். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் கண்காணிப்பாளர் அம்மா. மூன்றாவது மாதம் மகள், "என் டேபிள்ல ஏன் கைய வெச்ச? உன்ன யாரு அடுக்கச் சொன்னா?" என்று கத்தினாள். அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு இறங்கியது. சண்டை போடும் அளவுக்கு உரிமை வந்துவிட்டதே!

இந்த நிலையில்தான் பிரிவின் தலைவரான இணை இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. சோதனைக்கு விதி வந்துடுச்சு. முப்பது ஆட்டம். ஒரு பக்கம் திறமையுள்ள ஒருத்தர், இன்னொரு பக்கம் திறமையே இல்லாத ஒருத்தர். முப்பதுல இருபது ஆட்டம் திறமைக்காரர் ஜெயிச்சா இது திறமை ஆட்டம். இல்லன்னா சூதாட்டம்."

"சரிங்க சார். ரெண்டு பேர் வேணும்."

"திறமைக்கு நம்ம டிரைவர் இருக்கார். அஞ்சு வருஷமா ஆடறார். ஆபீஸ்ல எல்லாரும் கேப்டன்னுதானே கூப்பிடறாங்க. கம்பெனி ஆளை வெச்சா நாளைக்குக் கேள்வி வரும்." இணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். "திறமை இல்லாத ஆள்தான் கஷ்டமா இருக்கு. நம்ம ஆபீஸ்ல பியூன்லேந்து டைப்பிஸ்ட் வரைக்கும் எல்லாருமே ஆடறாங்க. நான்கூட, எப்பவாவது. ஆடாதது நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு கிரிக்கெட்ல பேட் எது, ஸ்டம்ப் எதுன்னு மட்டும்தான் சார் தெரியும்."

"அதான் வேணும்!" என்றார் அவர், மாப்பிள்ளை பார்த்து முடித்தவர் போல.

மறுநாளே சான்றிதழ் தயாரானது. 'இந்த அலுவலகக் கண்காணிப்பாளருக்கு மேற்படி விளையாட்டில் எவ்விதத் திறமையும் இல்லை என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.' கீழே இரண்டு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. ஒரு நகல் கோப்புக்கு, ஒரு நகல் அவளுடைய பணிப் பதிவேட்டுக்கு. இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவளுக்கு எவனும் திறமை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததில்லை. இல்லை என்று எழுதிக் கொடுக்க மட்டும் ஒரே நாள் போதுமாக இருந்தது. சுருக்கென்றுதான் இருந்தது. வீடு நிலைக்கப் போகிறதே என்று விழுங்கிக்கொண்டாள். டிரைவர் கேப்டனுக்கும் ஒரு திறமைச் சான்றிதழ் கிடைத்தது. அவர் அதை லேமினேட் செய்து ஜீப்பில் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.

ஒரே ஒரு இடத்தில்தான் அலுவலகம் தப்பு செய்தது. அரசாங்க அலுவலகம் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கைபேசியில் ஆடுகிற உலகம் ஆட்டம் தொடங்கும் கடைசி நிமிடம் வரை அணியை மாற்றிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் இரண்டு பக்கமும் அறிவித்த பதினைந்து பேரில் யார் களமிறங்குவார்கள், யார் உட்காருவார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் சோதனை என்றால் ஒரு முறை வேண்டாமா? டெண்டர் திறப்பதுபோல், காலை பதினோரு மணிக்கு இரண்டு பேரும் அணியை எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துவிட வேண்டும் என்று இணை இயக்குநர் உத்தரவு போட்டார். ஆட்டமோ மதியத்துக்கு மேல். உட்காருகிறவனை எழுதினால் பூஜ்யம். ஆக, யார் நன்றாக ஆடுவார் என்பதைவிட யார் வேலைக்கு வருவார் என்பதே பெரிய கேள்வியாகிப் போனது.

அது கண்காணிப்பாளர் அம்மாவின் தொழில் அல்லவா!

இருபத்தெட்டு வருடத்தில் இருபத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடும் விடுப்புக் கணக்குமாகவே கழித்தவள். பழைய அலுவலகத்தில் அட்டெண்டன்ஸ் அம்மா என்றுதான் பெயர். யாருக்கு எந்தத் திங்கட்கிழமை வயிற்று வலி வரும் என்பது அவளுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். ஒரே பெரியப்பாவை மூன்று முறை சாகவைத்து லீவு எடுத்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தவள். அவள் தன் பிரசவ விடுப்பிலேயே ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டதைத் தானே கண்டுபிடித்து, தன் சம்பளத்தையே பிடித்த மகராசி.

முதல் நாள் அவள் ஆட்டக்காரர்களின் பழைய ஆட்டப் பட்டியலைக் கேட்டு வாங்கி, பச்சை மையில் கோடு போட்டு, பேருக்கு ஒரு வரிசையாக வருகைப் பதிவேடு தயாரித்தாள். ஆடினால் பச்சை டிக், ஆடாவிட்டால் சிவப்பு. பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள். தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஆடினால் மூன்றாவதில் தொடை பிடித்துக்கொள்ளும் ஆசாமி ஒருவர். வெளியூர் ஆட்டம் என்றால் மட்டும் காய்ச்சல் வரும் இன்னொருவர். சம்பள உயர்வு பேச்சு நடக்கும் வாரத்தில் தோள் வலிக்கும் பந்து வீச்சாளர். கடைசியாக ஒருவன். சட்டையில் எட்டாம் எண். தூரதேசத்திலிருந்து வந்து ஆடுகிறவன். ஆறு வருடத்தில் ஒரு சிவப்பு இல்லை. வரிசை முழுக்கப் பச்சை. அந்த வரிசையின் மேல் ஒரு முறை விரலை ஓட்டிவிட்டு, அவனையே கேப்டனாக எழுதினாள்.

ஜெயித்தாள். மறுநாளும் ஜெயித்தாள்.

டிரைவர் கேப்டனின் முறையே வேறு. அவருக்கு ஒரு நாயகன் உண்டு. விளம்பரங்களில் ஷாம்பூ போடுகிறவர். அவர் மட்டையில் பந்து பட்டே மாதக் கணக்காகிறது. "இன்னிக்கு அடிப்பார் பாருங்க மேடம். போன மேட்ச்லயே கண்ணுல ஒரு வெறி தெரிஞ்சுது" என்று சொல்லி, அவர் அணி ஆடும் நாளெல்லாம் அவரையே கேப்டனாகப் போட்டு, பூஜ்யத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

முதல் வார முடிவில் கம்பெனியிலிருந்து அவளுக்கு ஒரு சீட்டு வந்தது. சோதனைக் கணக்கில் சேர்ந்த சில்லறைப் பரிசுக்கு வரி பிடித்தம் செய்ததற்கான அத்தாட்சி. வருமானத்தின் தன்மை என்ற கட்டத்தில் 'திறமையால் ஈட்டியது' என்று அச்சாகியிருந்தது. முடிவு வருவதற்கு முன்பே படிவம் அச்சடித்துவிட்டார்கள். அவள் சிரித்தாள். ஆனால் சீட்டைக் கோப்பில் சேர்க்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினாலாம் நாள் முடிவில் கணக்கு இப்படி: கேப்டன் நாலு, கண்காணிப்பாளர் அம்மா பத்து.

இணை இயக்குநர் அவளைத் தன் அறைக்கு வரச்சொல்லிக் கணக்குத் தாளைக் காட்டினார். "இன்னும் பதினாறு ஆட்டம்தான் பாக்கி. இருபது வரணும்னா டிரைவர் பதினாறையும் ஜெயிக்கணும்."

"ஆமாங்க சார்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. சோதனைல நான் தலையிட முடியாது. பிரிவு கலைஞ்சா நான் எங்கயாவது ஒரு நாற்காலிக்குப் போயிடுவேன். நீங்கதான்..." அவர் அவளுடைய பழைய ஊரின் பேரைச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்வதற்குத்தான் அவருக்கு அந்தச் சம்பளம்.

பதிவேட்டில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாத கை அவளுடையது. வீட்டுக்கு வந்தவளை மகள் சமையலறை வாசலிலேயே மறித்தாள். "அம்மா, ஸ்கூல் டூருக்கு உன் நம்பரத்தான் குடுத்திருக்கேன். ஏதாவதுன்னா உனக்குத்தான் போன் வரும். எடு, என்ன?" இதுவரை எல்லா ஃபாரத்திலும் அப்பா நம்பர்தான். கண்காணிப்பாளர் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோற்பது என்று அங்கேயே முடிவு செய்தாள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

தோற்பதில் என்ன கஷ்டம், கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் போகிறது என்று நினைத்துப் பதினைந்தாம் நாள் பட்டியலில் பென்சில் நுனி விழுந்த இடத்தையெல்லாம் எழுதினாள். விழுந்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்குப் பார்த்து வெளுத்து வாங்கினார்கள். கேப்டனின் நாயகன் வழக்கம்போல் முதல் பந்தில் வெளியேறினார். இரண்டே பாயிண்டில் தப்பித்துத் தோற்றாள். அவளுக்கு வியர்த்துவிட்டது. ஜெயிப்பதற்கு அதிர்ஷ்டத்தை நம்பலாம், தோற்பதற்கு நம்ப முடியாது என்பது அன்றைக்குப் புரிந்தது. அதுவும் கேப்டனிடம் தோற்பது லேசான காரியமில்லை. அந்த மனிதரைக் கீழே தள்ள யாரும் வேண்டாம். அவர் விழுவதற்கு முன்னால் நாம் போய்க் கீழே படுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பச்சைக் கோடு போட்ட பதிவேட்டைத் தலைகீழாகப் படித்தாள். தொடைவலிக்காரரை மூன்றாவது ஆட்டத்துக்கு எடுத்தாள். காய்ச்சல்காரரை வெளியூர் ஆட்டத்துக்கு எடுத்தாள். சம்பளப் பேச்சு நடக்கும் தேதியைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொண்டு தோள்வலிக்காரரைக் கேப்டனாக்கினாள். உட்காருகிறவர்களையே எழுதினால் சந்தேகம் வரும் என்று சுமாராக ஆடுகிறவர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டாள். எட்டாம் எண்காரனை மட்டும் ஒரு நாளும் எடுக்கவில்லை. அவன் பாட்டுக்குத் தன் அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து நின்றான். அவனை விட்டுவிட்டு உறையில் அரக்கு வைக்கும்போது, வேலைக்கு வந்தவனுக்கு ஆப்சென்ட் போட்டதுபோல் அவளுக்கு மனசு கூசியது.

இப்படி இருபத்தெட்டாவது ஆட்டம் வரை வரிசையாகத் தோற்றாள். அலுவலகத்தில் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "அம்மா, என்ன இருந்தாலும் அஞ்சு வருஷ அனுபவம் அனுபவம்தான்" என்றார் டைப்பிஸ்ட். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் மாடியேறி வந்து விளக்கம் சொல்லும் கேப்டன் இப்போது ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பதாவதையும் தோற்றாள். பாக்கி ஒன்று.

முப்பதாவது ஆட்டம் விடுமுறை நாளில் வந்தது. உறையை முதல் நாளே ஒட்டியாகிவிட்டது. மதியம் கணவர் டிவியைப் போட்டார். மகள் அம்மாவின் அணி எழுதிய துண்டுச் சீட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து எதையாவது பார்த்து எத்தனை காலம்!

தொடைவலிக்காரருக்கு அது மூன்றாவது ஆட்டம். கேப்டனாக அவரைத்தான் எழுதியிருந்தாள். அவர் வரமாட்டார் என்று அவள் போட்ட கணக்குக்கு மாறாக, ஆசாமி மட்டையைச் சுழற்றிக்கொண்டு சிரித்தபடி இறங்கினார். முதல் பந்து நாலு. அடுத்தது ஆறு. ஒவ்வொன்றும் அவளுக்கு இரண்டு மடங்கு.

"அம்மா! உன் கேப்டன்! உன் கேப்டன் அடிக்கறாரு!" மகள் துள்ளினாள்.

"ம்" என்றாள் கண்காணிப்பாளர் அம்மா.

"அப்பா, இன்னும் ரெண்டு ஃபோர் போனா அம்மா ஜெயிச்சுரும்! டிரைவர் காலி!" மகள் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா ஜெயிக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளை வேண்டிக்கொள்கிறது. ஜெயித்தால் அந்த அம்மா பெட்டியைக் கட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லவும் முடியாது. பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் எதிராக வேண்டிக்கொண்டாள். 'தொடை. தொடை எங்கே? இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணு. மூணாவது ஆட்டம். பிடிச்சே ஆகணும்.'

அவர் ஓங்கி அடித்துவிட்டு ஓட ஆரம்பித்தார். பாதி வழியில் நின்றார். காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். வலது தொடை.

"அப்பாடா!" என்றாள் கண்காணிப்பாளர் அம்மா, வீடே கேட்கும்படி.

மகள் திரும்பி அவளைப் பார்த்தாள். கணவரும் பார்த்தார். "எழுந்துக்குவாருன்னு நெனச்சேன், பாவம்" என்று என்னவோ உளறிவிட்டு அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். மூன்று பாயிண்ட் வித்தியாசத்தில் கேப்டன் ஜெயித்தார். இருபதுக்கு இருபது சரியாக வந்தது.

அறிக்கையில் அவளும் கையெழுத்துப் போட்டாள். 'திறமை உள்ளவர் இருபது, இல்லாதவர் பத்து. எனவே இது திறமை விளையாட்டே.' வேடிக்கை என்னவென்றால் முடிவு என்னவோ உண்மைதான். வேண்டுமென்று பதினாறு முறை தோற்க முடிகிற ஆட்டம் சூதாட்டமாக இருக்க முடியாது. சாட்சிகளைத்தான் இடம் மாற்றி நிறுத்தியிருந்தாள். கம்பெனி லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டியது, இணை இயக்குநர் அதை வாங்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ரோடுகளுக்குத் தார் வந்தது. ஒரு தச்சர் வந்து கதவுப் பலகையிலிருந்து அடைப்புக்குறியையும் அதற்குள் இருந்ததையும் சுரண்டி எடுத்தார். கண்காணிப்பாளர் அம்மா அவருக்குத் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தாள். குளியலறையில் தன் பிரஷ்ஷுக்கு ஒரு கொக்கி அடித்தாள்.

கொக்கி அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இணை இயக்குநர் கூப்பிட்டார்.

"நிரந்தரப் பிரிவுக்குப் பணி விதிகள் வந்திருக்கும்மா." அவர் தாளை அவள் பக்கம் தள்ளவில்லை, தன் பக்கமே வைத்துக்கொண்டார். "திறமை விளையாட்டை ஒழுங்குபடுத்தற பிரிவுல, அந்த விளையாட்டுல திறமை உள்ளவங்கதான் இருக்கணும்னு போட்டிருக்காங்க. மேல உங்க பணிப் பதிவேட்டப் பாத்திருக்காங்க."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அந்தச் சான்றிதழா சார்? அது சோதனைக்காக நீங்களே கேட்டு..."

"நான்தான் கையெழுத்துப் போட்டேன், இல்லங்கல. ஆனா அதோட சோதனை முடிவும் சேந்துருக்கே. பதினாறு ஆட்டம் தொடர்ந்து தோத்துருக்கீங்க. இந்த அளவுக்குத் திறமையின்மை நிரூபணமான அதிகாரி டிபார்ட்மென்ட்லயே கிடையாதாம்."

"சார், எனக்குத் தெரியும் சார். அந்தப் பதினாறும் நான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறந்து, எனக்குத் திறமை இருக்கிறது, வேண்டுமென்றேதான் தோற்றேன் என்றால் அறிக்கை பொய், லைசென்ஸ் செல்லாது, அவள் வேலையும் போகும். வாயை மூடிக்கொண்டால் வேலை நிற்கும், வீடு போகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சுவர். சுவரைக் கட்டியதும் அவளேதான்.

இணை இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "மேல்முறையீடு வேணா பண்ணலாம்" என்றார், பண்ணமாட்டாள் என்ற நிம்மதியோடு.

"வேண்டாம் சார்" என்றாள். அந்த மனிதரின் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறிய வேண்டும்போல் அவளுக்கு வெறி வந்தது. எறியவில்லை. உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினாள்.

டிரைவர் கேப்டனைப் பிரிவின் தொழில்நுட்ப உதவியாளர் ஆக்கியிருந்தார்கள். இருந்தாலும் அன்று அவளைப் பஸ் நிலையத்தில் விட அவரேதான் ஜீப்பை எடுத்தார். வீட்டு வாசலில் மகள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். அழவில்லை. பழகியவள் ஆயிற்றே. "போயிட்டு வாங்கம்மா. லீவு கெடைக்கறப்ப சொல்லுங்க" என்றாள். கணவர் கொக்கியிலிருந்த பிரஷ்ஷை ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார். ஜீப் தெரு முனை திரும்பும் வரை அவள் பின்னால் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டுக் கேப்டன் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அந்தப் பதினாறும் நான் ஜெயிக்கல. எனக்குத் தெரியும்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல. தெனமும் உக்காரப் போறவனையே கரெக்டா எடுத்திருந்தீங்களே. அஞ்சு வருஷமா ஆடறேன், எனக்கு ஒரு நாள்கூட அப்படி வரல. அதுக்கெல்லாம் மூளை வேணும் மேடம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பிரிவு கலைஞ்சா கான்ட்ராக்ட் டிரைவர்தான் முதல்ல வீட்டுக்குப் போவான். எனக்கும் ரெண்டு புள்ளைங்க." அவர் தலையைச் சொறிந்தார். "தப்புதான். மன்னிச்சுக்குங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளிடமும் அதே காரணம்தானே இருந்தது. கைப்பையில் நாலாக மடித்த சீட்டு அப்படியே இருந்தது, 'திறமையால் ஈட்டியது'. இந்த உலகத்தில் அதைச் சொன்னவை இரண்டே: ஒரு வரிச் சீட்டு, ஒரு தோற்றுப்போன டிரைவர்.

"அப்புறம் மேடம்..." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவும் ஒரு துண்டுத் தாளும் எடுத்தார். தயங்கினார். "நாளைக்கு மேலேந்து ஆள் வராங்களாம். தொழில்நுட்ப உதவியாளரோட திறமைய நேர்ல பாக்கணுமாம். அதே முறைதான், பதினோரு மணிக்கு உறை. யார யாரப் போடறது?"

பஸ் டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். கண்காணிப்பாளர் அம்மா கண்ணை மூடிப் பச்சைக் கோடு போட்ட பதிவேட்டை மனசுக்குள் விரித்து, ஒவ்வொரு வரிசையாகச் சொல்லச் சொல்ல, கேப்டன் பஸ்ஸின் பக்கவாட்டில் தாளை வைத்து எழுதினார். பத்துப் பேர் ஆயிற்று.

"ஷாம்பூக்காரர் வேண்டாமா மேடம்?"

"வேண்டாம்."

"அப்ப கேப்டனா யாரு?"

பஸ் நகர ஆரம்பித்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிச் சொன்னாள்.

"எட்டாம் நம்பரப் போடுங்க. ஆறு வருஷமா ஒரு நாள் லீவு போடல அவன். வீடு தூரத்துல இருக்கறவன், வேற எங்க போவான்? அவன் வந்துருவான்."